அந்த ஒரே இரவு: லெட் செப்பலின் குழுவின் மூவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜிம்மி பேஜ், ராபர்ட் பிளான்ட், ஜான் பால் ஜோன்ஸ் ஆகிய மூவருக்கும்,

வணக்கம். 2007ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி இரவு லண்டன் ஓ2 அரங்கின் மேடையை விட்டு இறங்கிய பிறகு, நீங்கள் மூவரும் உங்கள் ராக் குழுவான லெட் செப்பலின் என்ற பெயரில் எந்த மேடையிலும் ஏறவில்லை. அன்றிலிருந்து ஒரே கேள்விதான் உங்களைத் துரத்திக்கொண்டு வருகிறது. புதிய பாடல்களைப் பற்றிப் பேச வந்தாலும், பழைய ஒலிப்பதிவுகளின் மறுவெளியீட்டைப் பற்றிப் பேச வந்தாலும், பேட்டி முடிவதற்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: மறுபடி எப்போது சேரப் போகிறீர்கள்?

நானும் அதைக் கேட்டவன்தான். கேட்டதோடு நிற்காமல், 2008இல் உங்கள் பாடகர் பிளான்ட் மறுபடி சேர மறுத்தபோது அவரைச் சுயநலக்காரர் என்று நண்பர்கள் மத்தியில் ஏசியவன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் உங்கள் மேல் எனக்குள்ள மனத்தாங்கல்களும் சேர்ந்து வந்துவிட்டன. கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்த வழக்கில் ரசிகர்களும் ஒரு தரப்பு என்பதுதான். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

சிறுவயதில் ஏழு ஆண்டுகள் மிருதங்கம் கற்றேன். கச்சேரி செய்யும் அளவுக்கு வளரவில்லை என்றாலும், எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது முதலில் தாளத்தைத் தேடிப் போகும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. கல்லூரி விடுதியில் நண்பனின் கேசட்டில் உங்கள் ‘காஷ்மீர்’ பாடலை முதன்முதலாகக் கேட்டபோது கை தானாகத் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. சிறிது நேரத்தில் தடுமாறி நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு எண்ணினேன். பேஜின் கிதார் மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு மேலேறுகிறது. உங்கள் குழுவின் நான்காமவரான ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் அதற்கு வளைந்து கொடுக்காமல் நான்கு நான்காக, யானை நடப்பதுபோல் நடந்துகொண்டிருக்கிறது. டிரம்ஸின் முதல் நான்கு முடிவதற்குள் கிதார் தன் அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறது. விலகுகின்றன, இன்னும் விலகுகின்றன, பன்னிரண்டு எண்ணி முடித்ததும் இரண்டும் ஒரே சமத்தில், தாளம் புதிதாகத் தொடங்கும் அந்தப் புள்ளியில், வந்து விழுகின்றன. எங்கள் ஊரில் இதைக் கணக்கு என்பார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சாதகம் செய்வார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற சிறு நகரில் பிறந்த ஒருவர், அதை உட்கார்ந்த இடத்தில், கோபமும் நிதானமும் ஒருசேரக் கலந்த கையோடு வாசித்திருந்தார். அந்தப் பாட்டு பேஜும் பான்ஹாமும் இருவர் மட்டுமாக வாசித்துப் பார்த்ததிலிருந்து பிறந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கேட்டபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. தாளத்திலிருந்து முளைத்த பாட்டு என்பது அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

உங்கள் குழு ஏன் பிரிந்தது, சேர்ந்தது சரிதானா என்ற எல்லாக் கேள்விக்கும் நான் இங்கிருந்துதான் வர முடியும். பெரும்பாலான ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசிப்பவர் பக்கவாத்தியக்காரர். உங்களிடம் அப்படி இல்லை. ‘ராக் அண்ட் ரோல்’ என்ற பாட்டு, ஹெட்லி கிரேஞ்ச் வீட்டில் வேறெதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது பான்ஹாம் சும்மா அடித்த ஒரு தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. அதே வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் அவருடைய டிரம்ஸை வைத்து, மேலே மைக்குகளைத் தொங்கவிட்டு, ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ பாட்டுக்கான தாளத்தைப் பதிவு செய்தீர்கள். பாட்டையே கேட்டிராத தலைமுறைகூட அந்த அடியை அறியும். ஹிப்ஹாப் கலைஞர்கள் அதை வெட்டி எடுத்துத் தங்கள் பாடல்களுக்கு அஸ்திவாரமாகப் போட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மனிதர் 1980 செப்டம்பர் 25ஆம் தேதி, 32 வயதில், குடியின் மிகுதியால் தூக்கத்திலேயே இறந்துபோனார். முந்தின நாள் பிரே ஸ்டுடியோவில் அமெரிக்கப் பயணத்துக்கான ஒத்திகையில் இருந்தவர். பயணம் அக்டோபரில் தொடங்குவதாக இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி நீங்கள் வெளியிட்ட அறிக்கையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். மிகச் சிறியது. அருமை நண்பரின் இழப்புக்குப் பிறகு, இருந்தபடியே தொடர எங்களால் முடியாது என்கிறது. கீழே தனித்தனிப் பெயர்கள்கூட இல்லை, குழுவின் பெயர் மட்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் பாடகரை இழந்த ஏசி டிசி குழு, ஜூலைக்குள் வேறொருவரை வைத்துப் புதிய ஆல்பமே வெளியிட்டுவிட்டது. 1978இல் கீத் மூனை இழந்த தி ஹூ குழுவும் மறு ஆண்டே வேறொரு டிரம்ஸ் கலைஞரோடு மேடையேறியது. அவர்கள் செய்ததைத் தவறென்று நான் சொல்லவில்லை. துக்கத்தில் வேலையைப் பற்றிக்கொள்கிறவர்கள் உண்டு, வேலையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் உங்கள் நிறுவனமும் உங்கள் மேலாளர் பீட்டர் கிராண்டும் நினைத்திருந்தால் பெயரை வைத்துக்கொண்டு இன்னும் பத்தாண்டு பிழைத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த அறிக்கையை நான் ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன். அதனால்தான் பின்னால் நீங்கள் அதை மீறியபோதெல்லாம் வலித்தது.

மூன்று முறை மீறினீர்கள். 1985 ஜூலை 13, ஃபிலடெல்ஃபியாவில் லைவ் எய்ட் மேடை. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி, நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பான்ஹாமின் இருக்கைக்குப் பதிலாக இரண்டு இருக்கைகள் போட்டீர்கள். ஒன்றில் டோனி தாம்ப்சன், இன்னொன்றில் அன்று பகல் லண்டன் வெம்ப்ளியில் பாடிவிட்டு கன்கார்ட் விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திறங்கிய ஃபில் காலின்ஸ். இருவரும் தங்கள் அளவில் பெரிய கலைஞர்கள். அவர்களைக் குற்றம் சொல்வது அநியாயம். உருப்படியான ஒத்திகையே இல்லாமல், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் எப்படி ஓடும்? பேஜின் கிதார் சுருதி சேரவில்லை, பிளான்ட்டின் தொண்டை கட்டியிருந்தது. நிகழ்ச்சியின் டிவிடி பின்னர் வெளிவந்தபோது உங்கள் பகுதியைச் சேர்க்க நீங்களே அனுமதிக்கவில்லை. அதைவிடப் பெரிய ஒப்புதல் தேவையில்லை. பான்ஹாமின் மகன் ஜேசனுக்குப் பத்தொன்பது நிறைய அன்று இரண்டு நாள்தான் பாக்கி. அவரும் டிரம்ஸ் வாசிக்கிறவர். அவரை அழைத்திருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

1988 மே மாதம் நியூயார்க்கில் உங்கள் இசைத்தட்டு நிறுவனமான அட்லாண்டிக்கின் 40ஆம் ஆண்டு விழாவில் ஜேசன் வந்தார். அந்த இரவை அதிகம் பேச வேண்டியதில்லை. பாடலாமா வேண்டாமா என்று மேடையேறும் வரை ஒரு பாட்டுக்காக உங்களுக்குள் இழுபறி நடந்ததும், ஜோன்ஸின் கீபோர்டு ஒலி ஒளிபரப்பில் காணாமல் போனதும் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு ஆறவில்லை. 1994இல் பேஜும் பிளான்ட்டும் சேர்ந்தீர்கள். மொராக்கோவுக்குப் போனீர்கள், எகிப்திய வாத்தியக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய பாடல்களுக்குப் புதிய உடல் கொடுத்தீர்கள். 1972இலேயே நீங்கள் இருவரும் பம்பாய் ஸ்டுடியோ ஒன்றில் உட்கார்ந்து, இந்தியக் கலைஞர்களோடு உங்கள் பாடல்களைப் பதிவு செய்து பார்த்தவர்கள் என்பதால், அந்த ஆசை நெடுநாள் ஆசை என்று எனக்குப் புரிகிறது. இசையும் நன்றாகவே இருந்தது. எல்லாம் சரி. ஜோன்ஸை ஏன் அழைக்கவில்லை? அழைக்கவில்லை என்பதோடு, அப்படி ஒன்று நடக்கிறது என்று அவரிடம் சொல்லக்கூட இல்லை. அதற்கு மேல், ஆல்பத்துக்கு ‘நோ குவார்ட்டர்’ என்று பெயர் வைத்தீர்கள். அதே பெயரிலான உங்கள் பழைய பாட்டின் உயிரே ஜோன்ஸின் கீபோர்டில் இருக்கிறது! வீட்டைக் கட்டியவரை வெளியே நிறுத்திவிட்டு அவர் பெயரில் கிரகப்பிரவேசம் நடத்தியதுபோல் இருந்தது. 1995 ஜனவரியில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விருது மேடையில் மூவரும் நின்றபோது, ‘ஒருவழியாக என் தொலைபேசி எண்ணை நினைவு வைத்துக்கொண்டதற்கு நன்றி, நண்பர்களே’ என்றார் ஜோன்ஸ். அவையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் 2007க்கு வர முடியும். ஏனென்றால் அந்த மூன்றிலும் எது இல்லையோ, அது அத்தனையும் அன்று இருந்தது.

காரணம் இருந்தது. அட்லாண்டிக் நிறுவனத்தை நிறுவிய அஹ்மத் எர்டிகன் 2006 டிசம்பரில் காலமானார். உங்களை நம்பி 1968இல் ஒப்பந்தம் போட்ட மனிதர். அவர் பெயரிலான கல்வி நிதிக்காகத்தான் நிகழ்ச்சி. ஒத்திகை இருந்தது, வாரக்கணக்கில். முதலில் குறித்த நவம்பர் 26ஆம் தேதிக்கு முன் பேஜ் கீழே விழுந்து விரல் எலும்பு முறிந்தபோது, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைக்காமல் நாளைத் தள்ளிவைத்தீர்கள். ஜோன்ஸ் இருந்தார். பான்ஹாமின் இருக்கையில் ஜேசன் இருந்தார்.

டிக்கெட் 125 பவுண்டு, குலுக்கல் முறை. இணையத்தில் விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் என்றார்கள் நிகழ்ச்சியை நடத்தியவர்கள். அரங்கில் இடமோ இருபதாயிரத்துக்குள். அந்த இரண்டு கோடியில் நானும் ஒருவன். மின்னஞ்சலில் இடம் கிடைத்திருந்தால் விமானச் செலவுக்கும் விசாவுக்கும் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே இல்லை. கிடைக்கவில்லை. டிசம்பர் 11ஆம் தேதி விடியற்காலை கணினி முன்னால் உட்கார்ந்து, அரங்கில் இருந்தவர்கள் ஒவ்வொரு பாட்டாக எழுதியனுப்பிய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டு ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’ என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அது உங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. 1969இல் உலகம் பான்ஹாமை முதன்முதலாகக் கேட்டது அதில்தான். வலது காலால் ஒரே பெடலை மிதித்து, இரண்டு பெடல் இருக்கிறதோ என்று மற்ற டிரம்ஸ் கலைஞர்களைச் சந்தேகப்பட வைத்த பாட்டு. தந்தையின் இடத்தில் வந்து உட்கார்ந்த மகனுக்கு முதல் அடியிலேயே அந்தப் பரீட்சையை வைத்தீர்கள். தப்பிக்க வழியில்லாத பரீட்சை. அவர் தேறினார். அந்த நிகழ்ச்சி திரைப்படமாக 2012இல் வெளிவந்தபோது அந்தக் காலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். 16 பாடல்கள் வாசித்தீர்கள், ‘மோபி டிக்’ அதில் இல்லை. பான்ஹாமின் தனி ஆவர்த்தனம் அது. எழுபதுகளின் மேடைகளில் மற்ற மூவரும் ஒதுங்கிக்கொள்ள, குச்சிகளைப் போட்டுவிட்டு வெறும் கையால் தோலிலும் சிம்பலிலும் அடித்து, இருபது நிமிடம், சில நாள் அதற்கும் மேலே வாசிப்பார். ஜேசன் நினைத்திருந்தால் அதை வாசித்து அரங்கத்தை எழுப்பியிருக்கலாம், கூட்டமும் அதை எதிர்பார்த்திருக்கும். செய்யவில்லை. அப்பாவின் பாடல்களை வாசிக்கலாம், அப்பாவின் தனியை வாசிக்கக் கூடாது என்று உங்களில் யார் முடிவெடுத்தீர்களோ தெரியாது. அப்படி ஒரு முடிவு எடுக்கப்படாமலே தானாக அமைந்திருந்தாலும் அது சரியாகத்தான் அமைந்தது. என் குருநாதர் இருந்திருந்தால் இந்த ஒரு விஷயத்துக்காகவே உங்களை வாழ்த்தியிருப்பார்.

‘காஷ்மீர்’ வந்தது. 1975 லண்டன் எர்ல்ஸ் கோர்ட் நிகழ்ச்சியின் ஒளிப்பதிவையும் 2007இன் ஒளிப்பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஜேசனின் கை அப்பாவின் கையைவிடக் கொஞ்சம் கனமானது, கொஞ்சம் நேரானது. அப்பா அடிக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்று பாட்டை இழுப்பார், அந்த இழுப்பில் ஒரு சோம்பலும் திமிரும் இருக்கும். மகன் அதைப் பாவனை செய்ய முயலவில்லை. தன் கையாலேயே வாசித்தார். பன்னிரண்டாவது எண்ணிக்கை முடிந்து சமம் விழும்போதெல்லாம் பேஜ் திரும்பி அவரைப் பார்க்கிறார். ஜோன்ஸும் பார்க்கிறார். அவ்வளவு பெரிய மேடையில் நீங்கள் மூவரும் டிரம்ஸைச் சுற்றி நெருங்கி, சிறிய அறையில் வாசிப்பவர்களைப் போல் நின்றீர்கள். அந்தப் பார்வையில் இருந்தது வெறும் நடப்பைச் சரிபார்க்கும் பார்வை இல்லை. ஜேசனுக்கு அன்று 41 வயது. தன் தந்தை எட்டாத வயதில் தந்தையின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தந்தை போனபோது அவருக்கு 14.

இந்த இரவுக்காக நீங்கள் சேர்ந்தது சரிதானா என்று யாராவது கேட்டால், தயக்கமில்லாமல் சரி என்பேன். 1980இன் அறிக்கையை அது மீறவில்லை. இருந்தபடியே தொடர முடியாது என்றுதானே அதில் எழுதினீர்கள்? இருந்தபடியே தொடரவும் இல்லை.

இனி 2008. உலகம் முழுக்கச் சுற்றுப்பயணம் வரும் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பேஜும் ஜோன்ஸும் ஜேசனும் ஒத்திகையைத் தொடர்ந்தார்கள். பிளான்ட் அப்போது அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸோடு சேர்ந்து வேறு வகைப் பாடல்களைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். செப்டம்பர் இறுதியில், லெட் செப்பலினோடு பயணம் போகப் போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். நான் கொதித்துப்போனது அப்போதுதான். இரண்டு கோடிப் பேர் வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள ஒரு மனிதருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

பிளான்ட் அவர்களே, அந்த உரிமை உங்களுக்கு இருந்தது. மற்ற எவரையும்விட உங்களுக்கு அதிகமாகவே இருந்தது. பான்ஹாமை இந்தக் குழுவுக்கு அழைத்து வந்தவர் நீங்கள். பேஜும் ஜோன்ஸும் லண்டன் ஸ்டுடியோக்களில் பேரெடுத்தவர்களாக இருந்த காலத்தில், நீங்கள் இருவரும் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து வந்த இருபது வயதுப் பையன்கள். 1977இல் உங்கள் ஐந்து வயது மகன் இறந்தபோது, பயணத்தை நிறுத்திவிட்டு உங்களோடு ஊருக்கு வந்து, அடக்கத்தின்போது உங்கள் பக்கத்தில் நின்றவர் பான்ஹாம். பாட்டே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த உங்களை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் இல்லாத மேடையில் ஓர் இரவு நின்று பாடுவதற்கே எவ்வளவு திடம் வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு எண்ணிப் பார்க்கத் தெரியவில்லை. ஊருக்கு ஊர் நின்று பாடச் சொன்னேன்.

இப்போது இசையின் பக்கமிருந்தே யோசித்துப் பார்க்கிறேன். பயணம் என்பது ஒரே பாடல்களை ஒரே வரிசையில் மாதக்கணக்கில் வாசிப்பது. ஓ2 அரங்கில் சமம் விழும்போது பேஜ் திரும்பிப் பார்த்தாரே, நாற்பதாவது ஊரிலும் அவர் திரும்பியிருப்பார், ஆனால் அதற்குள் அது வழக்கமாகியிருக்கும். கேமரா எந்த இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மகன் அப்பாவின் பாடல்களை ஓர் இரவு முழுவதும் முதல்முறை உங்களோடு வாசிக்கும்போது அதில் பயம் இருந்தது, அந்தப் பயம்தான் அன்றைய இசையைத் தூக்கிப் பிடித்தது. அதை டிக்கெட் போட்டு நாள்தோறும் விற்க முடியாது. பிளான்ட்டின் குரலும் அப்படித்தான். இருபது வயதில் எட்டிய உச்சத்தை ஐம்பத்தொன்பதில் எட்ட முடியாது என்பதால் சில பாடல்களின் சுருதியைக் குறைத்துக்கொண்டீர்கள். ஓர் இரவுக்கு அது நேர்மை. ஓராண்டு முழுவதும் என்றால், இல்லாத இளைஞனைப் போல் நடிக்கும் வேலையாகிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் பாடிக்கொண்டிருந்த பாடல்களுக்கு 2009 பிப்ரவரியில் ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. விருதை வைத்து நான் நியாயம் சொல்லவில்லை. அறுபதை எட்டிய குரலுக்கு ஏற்ற பாட்டை நீங்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதைச் சொல்கிறேன். 2023 அக்டோபரில் ஒரு புற்றுநோய் அறக்கட்டளைக்கான சிறிய நிகழ்ச்சியில், 2007க்குப் பிறகு முதல்முறையாக ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடினீர்கள். பெரிய அரங்கம் இல்லை, பழைய குழு இல்லை. நிதானமாக, உங்கள் இப்போதைய குரலில் பாடினீர்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பேஜ் அவர்களே, இந்த இடத்தில் உங்களிடம் பேசாமல் போனால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதியவன் ஆவேன். உங்களுக்கு நேர்ந்தது சிறிய ஏமாற்றம் இல்லை. இந்தக் குழுவைக் கற்பனை செய்தவர் நீங்கள், ஒவ்வொரு பதிவையும் தயாரித்தவர் நீங்கள், கை இன்னும் வாசிக்கிறது என்று உலகத்துக்குக் காட்டிய மறுநாளே கதவு சாத்தப்பட்டது. வேறு பாடகர்களை வைத்து ஒத்திகை பார்த்தீர்கள். அது நடக்காமல் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் நீங்கள் புதிதாக எதையோ உருவாக்கிக்கொண்டிருந்தீர்கள் என்றால், அதற்கு வேறு பெயர் கொடுத்து வெளியிட்டிருக்கலாம். பெயரின் பாரம் இல்லாமல் பேஜின் கிதாரைக் கேட்க நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். உங்கள் காத்திருப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. பழைய குழுவைத் தவிர வேறெதையும் நாங்கள் உங்களிடம் கேட்கவே இல்லையே.

ஜேசனுக்கு இந்த மடல் எழுதப்படவில்லை என்றாலும், அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மூவரின் பேச்சுவார்த்தைக்கு நடுவே வாழ்நாள் கனவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர் அவர். சிறுவனாக அப்பாவின் பக்கத்தில் குட்டி டிரம்ஸை வாசித்த காட்சி உங்கள் பழைய திரைப்படத்திலேயே இருக்கிறது. 2012 டிசம்பரில் வாஷிங்டன் கென்னடி சென்டரில், நீங்கள் மூவரும் அதிபர் ஒபாமாவோடு மேல்மாடத்தில் உட்கார்ந்திருக்க, ஹார்ட் குழுவின் வில்சன் சகோதரிகள் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடினார்கள். டிரம்ஸில் ஜேசன், தலையில் அப்பாவின் அடையாளமான வட்டத் தொப்பி. பின்னால் திரை விலக, ஒரு பெரும் பாடகர் குழுவே அதே தொப்பிகளோடு நின்றது. பிளான்ட்டின் கண்கள் கலங்கியதை உலகமே பார்த்தது. மூவரும் வெறும் ரசிகர்களாக உட்கார்ந்து உங்கள் பாட்டைக் கேட்டீர்கள், வாசித்தது மகன். ஓ2 இரவுக்கு அடுத்தபடியாக நான் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான்.

வேண்டுகோளுக்கு வருகிறேன்.

2022இலிருந்து லண்டனில் அபா குழுவின் உருவங்கள் ஒளியால் ஆன இளமையோடு இரவுதோறும் பாடுகின்றன. கிஸ் குழுவும் 2023இல் தங்கள் கடைசி நிகழ்ச்சியின் முடிவில், இனி எங்கள் ஒளியுருவங்கள் தொடரும் என்று அறிவித்துவிட்டது. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், தங்கள் உருவத்தைத் தாங்களே கொடுத்தார்கள், அது அவர்கள் விருப்பம். ஆனால் ரானி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர் இறந்த பிறகு அவர் உருவத்தை மேடையில் நிறுத்தினார்கள். எங்கள் தமிழ்த் திரையிசையிலும் 2024இல் மறைந்த பாடகர்களின் குரல்கள் செயற்கை நுண்ணறிவின் துணையோடு, குடும்பத்தாரின் அனுமதியோடுதான், புதிய பாடல்களில் ஒலித்தன. கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது உண்மை. இரண்டாம் முறை கேட்டபோது மூச்சு எடுக்கும் இடங்களைத் தேடினேன். அதன் பிறகு அந்தப் பாட்டைக் கேட்க மனம் வரவில்லை.

உங்களிடமும் வருவார்கள். ஏற்கெனவே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ‘நால்வரும் ஒரே மேடையில்’ என்று விளம்பரம் எழுதத் தெரியாதவர்களா அவர்கள்? 1975இன் பான்ஹாமை அங்குலம் அங்குலமாக அளந்து, அடிக்கு எத்தனை நொடித்துளி பின்னால் நின்றார் என்று கணக்கிட்டு, ஒவ்வோர் இரவும் அதே அளவில் பின்னால் நிற்க வைப்பார்கள். அவர் ஓர் இரவு நின்ற இடத்தில் மறு இரவு நிற்காதவர். மற்ற மூவரையும் கேட்டுக்கொண்டே வாசித்தவர். ஒளியுருவத்துக்குக் காது கிடையாது.

அவருக்கு இருக்க வேண்டிய இடங்களில் அவர் இருக்கிறார். ரெட்டிச் நகரில் 2018இல், அவருடைய எழுபதாவது பிறந்தநாளில் திறந்த வெண்கலச் சிலை இருக்கிறது. ரஷாக் கிராமத்துத் தேவாலய வளாகத்தில் கல்லறை இருக்கிறது, போகிறவர்கள் டிரம்ஸ் குச்சிகளையும் சிம்பல்களையும் அங்கே வைத்துவிட்டு வருகிறார்கள். உங்கள் தொடக்க காலத்தைப் பற்றி 2025இல் திரையரங்குகளுக்கு வந்த ஆவணப்படத்தில், அதுவரை யாரும் கேட்டிராத அவருடைய பேட்டியின் ஒலிப்பதிவு இருக்கிறது. அதில் அவர் குரல் வரும்போது உங்கள் முகங்களைப் பார்த்தேன். பாட்டைப் பற்றியும் உங்களைப் பற்றியும் அவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போகிறார், எண்பதை நெருங்கிய மூன்று பேர் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். யாரும் எதையும் செயற்கையாக உருவாக்கவில்லை. பழைய நாடாவில் இருந்ததை எடுத்து ஓடவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது ஒன்றே. வாய்மொழியாக மறுத்தால் போதாது. உங்களுக்குப் பிறகு உரிமைகள் யார் கைக்குப் போகும், அவர்களிடமிருந்து எந்த நிறுவனத்தின் கைக்குப் போகும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. எனவே, மூவரும் உட்கார்ந்து, பான்ஹாம் குடும்பத்தாரையும் உடன்வைத்துக்கொண்டு, நால்வரில் எவருடைய உருவத்தையும் குரலையும் கையையும் செயற்கையாக உருவாக்கி லெட் செப்பலின் என்ற பெயரில் மேடையேற்றக் கூடாது என்று சட்டப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவையுங்கள். 1980 டிசம்பரில் ஒரு சிறிய தாளில் எழுதினீர்களே, அதுபோல. இம்முறை தனித்தனிப் பெயர்களோடு. கையெழுத்திடும் நாளுக்கு ஜோன்ஸை மறக்காமல் அழையுங்கள்.

மிகுந்த அன்போடும் நன்றியோடும்,
உங்கள் ரசிகன்